உங்கள் வசதிப்படி என்றால், யாருடைய வசதிப்படி?

சென்ற ஆண்டு ஆடி மாதம் அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தேன். முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நான் பார்ப்பது மெடிக்கல் கோடிங் வேலை. அமெரிக்க மருத்துவமனைகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டு எண்ணைப் போட வேண்டும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்பதால் லேப்டாப் இருக்கும் இடம்தான் எனக்கு அலுவலகம். அன்று மாலை நிறுவனத்தில் ஓர் இணையவழிக் கூட்டம். தலைப்பு: வேலை–வாழ்க்கைச் சமநிலை.

மனிதவளத் துறையிலிருந்து பேசியவர் இனிமையாகப் பேசினார். "சமநிலை ஒவ்வொருவருக்கும் வேறு வேறு. உங்களுக்கு எது சரி என்று நாங்கள் எப்படிச் சொல்ல முடியும்? உங்களை நாங்கள் நம்புகிறோம். எந்த நேரத்தில் வேலை பார்ப்பது, எந்த நேரத்தில் குடும்பத்தைப் பார்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்." கூட்டம் முடிந்ததும் ஒரு படிவம் வரும் என்றார். அதில் அவரவர் சமநிலைத் திட்டத்தை எழுதி அனுப்ப வேண்டும்.

என் இயர்போன் பழுதாகியிருந்ததால் ஸ்பீக்கரில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்தில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா, "என்னட்டி சொல்லுதாரு?" என்று கேட்டாள்.

"நேரத்த நாமளே பாத்துக்கிடணுமாம்மா. எப்ப வேணும்னாலும் செய்யலாமாம். சோலி முடிஞ்சாச் சரியாம்."

அம்மா நூலைச் சுற்றி அறுத்துவிட்டுச் சொன்னாள்: "இதத்தான எங்க கடைக்காரரு நாப்பது வருசமாச் சொல்லுதாரு."

அம்மா கேலியாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒன்றை அடையாளம் கண்டு சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. புதிய காலத்தின் பெருந்தன்மை என்று எங்களுக்குச் சொல்லப்படுகிற இந்த ஏற்பாட்டைத் தாமிரபரணிக் கரையில் லட்சக்கணக்கான பெண்கள் ஏற்கெனவே வாழ்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

நம்பிக்கையின் ஈர்ப்பு

முதலில் இந்த யோசனையின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். கண்காணிப்பு என்றால் என்னவென்று வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தெரியும். கழிப்பறைக்குப் போனால் நேரம் குறிக்கும் மேற்பார்வையாளரைத் தெரியும். 2010இல் வசந்தபாலன் இயக்கிய 'அங்காடித் தெரு' படத்தைப் பார்த்துவிட்டு எங்கள் ஊர்ப் பக்கம் பலர் அழுதார்கள். தென் மாவட்டக் கிராமங்களிலிருந்து சென்னைத் துணிக்கடைக்குப் போய், நாள் முழுவதும் நின்று கால் வீங்கிய பிள்ளைகள் பல வீடுகளில் இருந்தார்கள். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்ததே 2021இல்தான். உட்காருவதற்கே சட்டம் தேவைப்பட்ட நாட்டில், "உங்களை நம்புகிறோம், நேரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு முதலாளி சொன்னால் அது இனிக்கத்தான் செய்யும்.

எனக்கும் இனித்தது. 2020இல் விடுதி அறையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது விடுதலை கிடைத்ததாகவே நினைத்தேன். பேருந்து நெரிசல் இல்லை, இரவு ஷிப்ட் முடிந்து வேனுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இந்தக் கட்டுரை வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்கு எதிரானது இல்லை. நேரத்தை நம்மிடம் கொடுக்கிறவர் எதைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறார் என்பதே என் கேள்வி.

சுளகும் சட்டமும்

பீடித் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். முக்கூடல், பாப்பாக்குடி, வீரவநல்லூர், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று இன்றைய திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்கள் முழுக்கப் பீடிக் கடைகள் உண்டு. கடை என்றால் பீடி விற்கும் கடை இல்லை. அங்கே இலையையும் தூளையும் நூலையும் எடைபோட்டுக் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்ட வேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. சுற்றியதைக் கடைக்குக் கொண்டுபோனால், அங்கே இருப்பவர் கட்டுகளைப் பிரித்துப் பார்த்து, சரியில்லை என்று தோன்றுவதைக் கழித்துவிட்டு மீதியைப் பாஸில் எழுதுவார். தன் பேரில் பாஸ் இல்லாமல் இன்னொருத்தி பாஸில் சுற்றுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு பி.எஃப். இல்லை, கணக்கில் பேரும் இல்லை.

எத்தனை மணிக்குச் சுற்றினாய் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. விடியற்காலையில் சுற்றலாம், நடுராத்திரியில் சுற்றலாம், அடுப்பில் உலை வைத்துவிட்டுச் சுற்றலாம். இதைவிட நெகிழ்வான வேலை உலகத்தில் இருக்க முடியாது.

இந்த நெகிழ்வு ஏன் முதலாளிக்கு வசதியாக இருக்கிறது என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. 1966இல் நாடாளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களின் வேலை நிலைமைகள் குறித்து ஒரு சட்டம் இயற்றியது. வேலை நேரம் ஒரு நாளைக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என்று அது வரம்பு வைத்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் இந்தப் பிரிவுகள் பொருந்தியது 'தொழிற்கூடத்துக்கு'. தொழிற்கூடம் என்றால் எது என்று விளக்கும் இடத்தில், குடியிருக்கும் வீடு அதில் சேராது என்று அதே சட்டம் சொன்னது. சம்பளத்தோடு விடுப்பும் மகப்பேற்றுப் பயனும் வீட்டில் சுற்றுகிறவளுக்கும் அதில் இருந்தன. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் நேர வரம்பும் காப்பகமும் வீட்டு வாசற்படியோடு நின்றுவிட்டன. ஆக, வேலை வீட்டுக்குள் போகப் போக முதலாளியின் பொறுப்பு குறைந்தது. காப்பகம் கட்ட வேண்டாம், கூரை போட வேண்டாம், விளக்கு எரிக்க வேண்டாம், கூடுதல் நேரத்துக்குக் கூலி தர வேண்டாம்.

முதலாளிகள் அத்தோடு நிற்கவில்லை. வீட்டில் சுற்றுகிறவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை என்று நீதிமன்றம் போனார்கள். 1974இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. வருங்கால வைப்பு நிதி தொடர்பான வழக்கில் 1985இல் வந்த தீர்ப்பு நாம் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று. வீட்டில் வேலை செய்கிறவரை யாரும் மேற்பார்வை பார்க்கவில்லையே, அவர் எப்படித் தொழிலாளி ஆவார் என்பது முதலாளிகளின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கொண்டுவந்த பீடியைக் கழிக்கும் உரிமை முதலாளியிடம் இருக்கிறதே, அதுவே போதுமான மேற்பார்வையும் கட்டுப்பாடும் என்று அது கருதியது.

வேலையை எண்ணிப் பார்த்து ஏற்கவும் கழிக்கவும் அதிகாரம் ஒருவரிடம் இருந்தால், அவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கடிகாரத்தை நாமே பார்த்துக்கொள்வோம்.

வீடு முழுக்கச் சேர்ந்து முடித்த ஆயிரம்

அம்மாவின் நாள் எனக்கு மனப்பாடம். நாலரை மணிக்கு எழுந்து வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறாக்கி, எங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒன்பது மணிக்குக் கடைக்குப் போவாள். வந்து இலை வெட்டுவாள். பிற்பகலில் திண்ணையில் நாலைந்து பேர் சேர்ந்து சுற்றுவார்கள். சாயங்காலம் அடுப்பு. எட்டு மணிக்குமேல் மறுபடியும் சுளகு. ஆயிரம் சுற்றி முடிக்கச் சில நாள் பதினொரு மணி ஆகும். காய்ச்சல் வந்தாலும், விருந்தாள் வந்தாலும், மாதவிலக்கு நாளில் இடுப்பு ஒடிந்தாலும் ஆயிரம் ஆயிரம்தான். நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் வளையும், எண்ணிக்கை வளையாது.

எண்ணிக்கை வளையாதபோது வீடு வளைந்தது. நான் ஆறாம் வகுப்பிலேயே முனை மடக்கப் பழகிவிட்டேன். அக்கா இலை வெட்டினாள். ஆச்சி நூல் கட்டினாள். பாஸில் அம்மா பேர் மட்டும்தான். கடைக்குப் போன ஆயிரத்தில் எத்தனை பேருடைய விரல் இருந்தது என்று கணக்கு இல்லை. தம்பியை யாரும் மடக்கச் சொன்னதில்லை. அப்பா அரிசி ஆலையிலிருந்து வந்தால் குளித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அவர் தன் சமநிலையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. ஆந்திராவின் நரசாப்பூரில் வீட்டிலிருந்தபடி ஏற்றுமதிக்கு லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்கு உழைத்த அந்தப் பெண்களை ஊரும் வியாபாரிகளும் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. ஓய்வு நேரத்தைப் பயனுள்ளதாக்கிக்கொள்ளும் இல்லத்தரசிகள் என்றார்கள். தொழிலாளி என்று பேர் வைத்தால் கூலி, நேரம், சங்கம் எல்லாம் கேள்வியாக வரும். இல்லத்தரசி என்று பேர் வைத்துவிட்டால் கொடுப்பது எல்லாம் உபகாரம். பீடியோ, பத்தமடையில் கோரைப்பாய் நெசவோ, "சும்மாதான் இருக்கா, கூடமாட எதாவது செய்யட்டுமே" என்ற பேச்சை நாமும் கேட்டு வளர்ந்தவர்கள்தான்.

அந்தச் 'சும்மா' எவ்வளவு என்பதற்கு இன்று அரசாங்கமே கணக்கு வைத்திருக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதில் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 289 நிமிடம். அதில் ஈடுபடும் ஆண் செலவிடுவது 88 நிமிடம். 2019இல் இது 299க்கு 97. ஐந்து ஆண்டுகளில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது, ஆணுக்கு ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

இந்த இருவரையும் அழைத்து "உங்கள் சமநிலையை நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னால், அது இருவருக்கும் ஒரே பொருள் தருமா? ஒருவர் தராசின் ஒரு தட்டில் 289 நிமிடத்தைச் சுமந்துகொண்டு வருகிறார். அதைத் தொடாமல் விடுவதை நிறுவனங்கள் நடுநிலை என்கின்றன. ஏற்கெனவே சாய்ந்திருக்கும் தராசைத் தொடாமல் விடுவது சாய்வுக்குத்தான் துணைபோகும்.

சார்ட்டும் கட்டும்

என் வேலைக்கு வருகிறேன். எங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை சார்ட் முடிக்க வேண்டும் என்று இலக்கு உண்டு. முடித்தவற்றில் சிலவற்றை ஆடிட்டர் எடுத்துப் பார்ப்பார். தவறு இருந்தால் தர மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் ஊக்கத்தொகை போகும். இதை அம்மாவுக்கு விளக்கியபோது அவளுக்கு எந்த இடத்திலும் சந்தேகம் வரவில்லை. "கழிவு எவ்வளவு போகும்?" என்று மட்டும் கேட்டாள்.

என் கணவரும் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார். அவருக்கு அறை இருக்கிறது, அறைக்குக் கதவு இருக்கிறது. நான் கூடத்தில் உட்காருகிறேன். குழந்தை தடுக்கி விழுந்தால் யார் பார்ப்பது, சிலிண்டர்காரர் வந்தால் யார் எழுந்திருப்பது என்று நாங்கள் பேசி முடிவெடுத்ததே இல்லை. தானாக நடந்தது. அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் செய்வார். ஆனால் கேட்பதும் ஒரு வேலை. பகலில் அறுந்து அறுந்து போகும் வேலையைக் குழந்தை தூங்கிய பிறகு ஒன்பதரைக்கு மேல் ஒட்டவைக்கிறேன். ஒரு நாள் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க வந்தவர், "ஏன் இவ்வளவு நேரம்? பகல்லயே முடிச்சிருக்கலாமே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. என் நேரத்தை என்னிடம் கொடுத்திருக்கிறார்களே, முடிக்காதது என் திறமைக்குறைவுதானே என்று நானும் நினைத்திருந்தேன்.

இந்த ஏற்பாடு நமக்குச் செய்கிற ஆழமான கெடுதல் இதுதான். வேலை அதிகம் என்று சொல்ல வேண்டியவள், எனக்கு நேரத்தைக் கையாளத் தெரியவில்லை என்று சொல்கிறாள். கூட்டாகக் கேட்க வேண்டிய கேள்வி தனிப்பட்ட குற்ற உணர்வாக மாறிவிடுகிறது.

சட்டமும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுப் பயன் சட்டம் 26 வார விடுப்பைக் கொடுத்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. இரண்டும் நல்ல விஷயம். கூடவே, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரு தரப்பும் ஒத்துக்கொண்டு தாய் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றும் சொன்னது. மத்திய அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் நிறுவனத்துத் தந்தைக்கு அதுவும் கட்டாயம் இல்லை. ஆக, சட்டத்தின் கண்ணிலும் குழந்தையோடு வீட்டில் இருந்தபடி வேலை பார்க்க வேண்டியவர் தாய்தான்.

அம்மாவின் மறுப்பு

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "சோலிய ரொம்பக் கொற சொல்லாத. இது இல்லன்னா நீ எங்க படிச்சிருப்ப? எவன் கையையும் எதிர்பாக்காம நாலு காசு பாத்தேன்லா?"

அவள் சொல்வது உண்மை. என் கல்லூரிக் கட்டணம் சுளகிலிருந்து வந்தது. அக்கா கல்யாணத்துக்கு பி.எஃப். பணம் உதவியது. முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்று இருக்கும் மருத்துவமனையில் அவளுக்குப் பேர் சொல்லி விசாரிக்கும் ஆட்கள் உண்டு. திண்ணையில் கூடிச் சுற்றும் பிற்பகல்களில்தான் அவளுக்குச் சிநேகிதிகள் கிடைத்தார்கள். புருஷன் அடித்த கதையும் மாமியார் கொடுமையும் மாத்திரை விவரமும் அங்கேதான் பரிமாறப்பட்டன. வெளியே போய் வேலை செய்ய விடாத வீடுகளில் பீடி ஒன்றுதான் காசு வரும் வழி. "இது சுரண்டல், விட்டுவிடு" என்று மேலிருந்து பேசுவது என்னைப் போல் படித்துத் தப்பித்தவர்களுக்குச் சுலபம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நேர வரம்பு எப்போதும் நமக்கு நன்மையாக வந்ததில்லை. அதே 1966 சட்டம் தொழிற்கூடத்தில் பெண்கள் காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வேலை செய்யக் கூடாது என்றது. பாதுகாப்பு என்ற பேரில் இப்படி வந்த விதிகள் பெண்களைப் பல வேலைகளிலிருந்து தள்ளியும் வைத்தன. 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் அருவித் தண்ணீரின் பலத்தில் தொடங்கிய விக்கிரமசிங்கபுரம் ஆலையின் சங்கு ஊதினால் ஷிப்ட் முடிந்தது என்று பொருள். சங்கு ஊதிய பிறகு ஆணுக்கு ஓய்வு. அவன் வீட்டுக்கு வந்தபோது சோறு தயாராக இருந்தது. அந்தச் சோற்றுக்குச் சங்கு ஊதவில்லை. ஆகவே பழைய சங்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை.

அம்மாவிடம் வேறு மாதிரிக் கேட்டேன். "சோலி வேண்டாம்னு சொல்லலம்மா. ஆயிரத்த எழுநூறா ஆக்கி, அதே கூலியக் குடுத்தா?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப ஏழு மணிக்கு முடிச்சிருவேன். சீரியல உக்காந்து பாப்பேன்." பிறகு தானே சிரித்துக்கொண்டாள். "எவன் குடுப்பான்?"

என்ன கேட்பது?

எவன் கொடுப்பான் என்பது சரியான கேள்வி. தனியாகக் கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் நிறைவேறியது நினைவிருக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி திறக்கும் திருத்தம். அதை நியாயப்படுத்தியவர்கள் பயன்படுத்திய சொல் நெகிழ்வு. விரும்பும் தொழிலாளர்கள் நான்கு நாள் வேலை செய்துவிட்டு மூன்று நாள் ஓய்வெடுக்கலாமே என்றார்கள். தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. சில நாட்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. 'விரும்பும் தொழிலாளி' என்ற சொல்லுக்குள் விருப்பம் எவ்வளவு, வேறு வழியின்மை எவ்வளவு என்று சேர்ந்து கேட்டதால்தான் அது நின்றது. 12 மணி நேர வேலைக்குப் பிறகு வீட்டுக்கு வருபவள் பெண்ணாக இருந்தால் அவளுடைய 289 நிமிடம் எங்கே போகும் என்பதை அப்போதும் பெண்களே கேட்க வேண்டியிருந்தது.

சேர்ந்து கேட்பதற்கு இந்த ஊரில் என்ன விலை கொடுக்க நேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிப் பிரச்சினைக்காகவும் கைதானவர்களின் விடுதலைக்காகவும் கொக்கிரகுளத்தில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள். பெண்களும் ஒரு கைக்குழந்தையும் அதில் உண்டு. கொக்கிரகுளம் பாலத்தில் பேருந்து போகும்போதெல்லாம் அம்மா பேச்சை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்ப்பாள். "உங்கள் சமநிலையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறவர்கள், தொழிலாளிகள் தனித்தனியாக நிற்பதையே விரும்புகிறார்கள் என்பதை அந்தப் பாலம் எனக்கு ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துகிறது.

நாம் கேட்க வேண்டியவை புதியவையும் இல்லை, பெரியவையும் இல்லை. நேரம் நம் கையில் இருக்கட்டும். அதோடு வேலையின் அளவுக்கு வரம்பும் வேண்டும். அந்த அளவை முடிவு செய்யும் இடத்தில் நாமும் இருக்க வேண்டும். வீட்டில் செய்தாலும் வேலை வேலைதான் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் வீட்டுவழித் தொழிலுக்கென்று 177ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. வீட்டில் வேலை செய்கிறவரை மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இன்னும் அதை ஏற்று உறுதி செய்யவில்லை. வேலை நேரம் முடிந்தபின் அலுவலக அழைப்பை எடுக்காமல் இருக்கும் உரிமைக்காக 2018இல் சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. பீடித் தொழிலாளர் நல நிதிக்காக வசூலித்த வரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது. கிடைத்தவையும் நாம் பார்க்காதபோது கழன்றுபோகின்றன.

வீட்டுக்குள் கேட்க வேண்டியதும் இருக்கிறது. கதவுள்ள அறை வாரத்தில் பாதி நாள் யாருக்கு? இதைச் சட்டம் வந்து சொல்லாது. ஊரிலிருந்து திரும்பியதும் என் கணவரிடம் கேட்டேன். முதல் இரண்டு நாள் வீட்டில் பேச்சு சுருங்கிப்போனது. இப்போது செவ்வாயும் வியாழனும் வெள்ளியும் அறை என்னுடையது. அந்த நாட்களில் நான் ஆறரைக்கு வேலையை முடித்துவிடுகிறேன். என் திறமையில் ஒரு மாற்றமும் இல்லை. கதவு மட்டும்தான் மாறியது.

சமநிலைத் திட்டப் படிவத்தில் "நீங்கள் வேலை செய்ய விரும்பும் நேரம்" என்று ஒரு கட்டம் இருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை சார்ட் நியாயம் என்று நினைக்கிறீர்கள்" என்று எந்தக் கட்டமும் இல்லை. என் குழுவில் இருக்கும் ஆறு பெண்களிடம் பேசினேன். எல்லோரும் ஒன்பதரைக்கு மேல் ஒட்டவைக்கிறவர்கள்தான் என்று அன்றுதான் ஒருவருக்கொருவர் தெரிந்தது. நேரக் கட்டத்தில் நாங்கள் ஏழு பேரும் ஒரே பதிலை எழுதினோம்: இலக்கைப் பற்றிப் பேசிய பிறகு நேரத்தைப் பற்றிச் சொல்கிறோம்.

பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"ஏழு பேரா?" என்றாள். "எங்க திண்ணையில அஞ்சு பேருதான் இருந்தோம். ஒரு நாளும் சேந்து போயிக் கேக்கலயே" என்றாள்.